தட்டின் மேல் ஓடும் காற்று எங்கே குலைகிறது? சீரோட்டம் கொந்தளிப்பாகும் பாதை: முழுமையான வழிகாட்டி

பொறியியல் கல்லூரியில் பாய்ம இயக்கவியல் படித்தவர்கள் எல்லோருக்கும் ஓர் எண் மனப்பாடமாக இருக்கும்: 5 லட்சம். தட்டையான பரப்பின் மேல் ஓடும் காற்றின் ரெனால்ட்ஸ் எண் (வேகத்தை முன்விளிம்பிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கி, இயக்கப் பாகுநிலையால் வகுத்தால் கிடைப்பது) இதைத் தொட்டதும், அடுக்கடுக்காக அமைதியாக ஓடும் சீரோட்டம் முடிந்து கொந்தளிப்பு ஆரம்பிக்கும் என்று தேர்வில் எழுதியிருப்போம். ஆனால் அதே போன்ற தட்டில், சலனம் குறைந்த காற்றில், 28 லட்சம் வரை சீரோட்டம் குலையாமல் இருந்ததை அளந்து காட்டியிருக்கிறார்கள். கலங்கிய காற்றில் வைத்தால் 1 லட்சத்திலேயே குலைந்துவிடுகிறது. அப்படியென்றால் 5 லட்சம் என்பது காற்றின் குணம் அல்ல. அந்தக் காலத்துக் காற்றுச் சுரங்கங்களின் குணம்.

எந்தச் சலனம் உள்ளே நுழைகிறது, எவ்வளவு வளர்கிறது, எப்போது உடைகிறது என்ற மூன்றையும் தொடர்ந்து பார்த்தால்தான் குலையும் இடம் எது என்று சொல்ல முடியும். இந்த வழிகாட்டி அந்தப் பாதையைத்தான் பின்தொடர்கிறது. முதுகலை மாணவர்களையும், கணினியில் ஓட்டத்தைக் கணக்கிடுபவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். பிளஸ் டூ கணக்கு தெரிந்தால் போதும்.

முழுக்க ஒரே ஒரு தட்டைப் பிடித்துக்கொள்வோம். வழவழப்பான, நேரான, நீளமான தட்டு. அதன் மேல் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில், சாதாரண காற்று ஓடுகிறது. இந்த வேகத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. காற்றின் இயக்கப் பாகுநிலை ஏறத்தாழ 0.000015 சதுர மீட்டர்/நொடி. 15ஐ இதால் வகுத்தால் ஒரு மீட்டருக்கு 10 லட்சம் கிடைக்கிறது. ஆகவே நம் தட்டில் முன்விளிம்பிலிருந்து அரை மீட்டர் என்றால் ரெனால்ட்ஸ் எண் 5 லட்சம், 2.8 மீட்டர் என்றால் 28 லட்சம். இனி எண்ணைச் சொன்னாலே இடமும் தெரிந்துவிடும்.

படி 1: படலத்தின் தடிமனைக் கணக்கிடுங்கள்

தட்டை ஒட்டிய காற்று அசையாது. மேலே போகப் போக வேகம் கூடி, சில மில்லிமீட்டருக்குள் முழு வேகத்தை எட்டிவிடும். இந்த மெல்லிய பகுதிதான் எல்லைப் படலம். 1904இல் ஹைடெல்பெர்க்கில் நடந்த கணித மாநாட்டில் லுட்விக் பிராண்டல் இதை முன்வைத்தார். பாகுநிலையின் விளையாட்டெல்லாம் இந்தப் படலத்துக்குள் மட்டுமே, வெளியே அதை மறந்துவிடலாம் என்றார். அவருடைய மாணவர் பிளாசியஸ் 1908இல் தட்டையான பரப்புக்கான தீர்வைக் கொடுத்தார். அதிலிருந்து நமக்கு வேண்டியவை இரண்டு:

படலத் தடிமன் = 5 × தூரம் ÷ √(ரெனால்ட்ஸ் எண்)

இடப்பெயர்ச்சித் தடிமன் = 1.72 × தூரம் ÷ √(ரெனால்ட்ஸ் எண்)

முதலாவது, வேகம் கிட்டத்தட்ட முழுமையடையும் உயரம். இரண்டாவது, படலத்தில் மெதுவாகப் போகும் காற்றால் வெளி ஓட்டம் எவ்வளவு மேலே தள்ளப்படுகிறது என்பதன் அளவு. நம் தட்டில் 1 மீட்டர் தூரத்தில் படலம் 5 மி.மீ., இடப்பெயர்ச்சித் தடிமன் 1.72 மி.மீ. அரை மீட்டரில் படலம் 3.5 மி.மீ. தான். நாம் பேசப்போகும் நாடகம் முழுவதும் இந்த உயரத்துக்குள் நடக்கிறது.

ஒரு சிறு சலனம் வளருமா தேயுமா என்று ஆராயும் நிலைப்புக் கோட்பாட்டில் ரெனால்ட்ஸ் எண்ணைத் தூரத்தை வைத்துச் சொல்ல மாட்டார்கள், இடப்பெயர்ச்சித் தடிமனை வைத்துச் சொல்வார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது சுலபம்: தூர எண்ணின் வர்க்கமூலத்தை 1.72ஆல் பெருக்கினால் தடிமன் எண். 10 லட்சத்துக்கு அது 1720. கட்டுரைகளை வாசிக்கும்போது எந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். இங்கே குழம்பினால் பிறகு எதுவும் சரிவராது.

படி 2: அலை வளரத் தொடங்கும் இடத்தைக் குறியுங்கள்

சலனம் வளர்வதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது? 1880இல் ராலே பிரபு ஒரு விடை சொன்னார். பாகுநிலையே இல்லை என்று வைத்துக்கொண்டால், வேக வரைவில் வளைவு திசை மாறும் ஒரு புள்ளி இருந்தால்தான் ஓட்டம் நிலைகுலைய முடியும். ஊதுபத்திப் புகை கொஞ்ச தூரம் நேராக எழுந்து பிறகு சுருள்வதை வகுப்பில் காட்டுவார்கள். அழகான காட்சிதான். ஆனால் அது சுவர் இல்லாத ஓட்டம். அதன் வேக வரைவில் அந்தப் புள்ளி இருக்கிறது, அதனால் எளிதில் குலைகிறது. நம் தட்டின் வேக வரைவில், சுவரைத் தவிர வேறெங்கும் அப்படி ஒரு புள்ளி இல்லை. ராலேயின் கணக்குப்படி இது குலையவே கூடாது.

குலைப்பது பாகுநிலைதான். இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த உண்மை இது. பாகுநிலை என்றால் அடக்குவது, தேய்ப்பது, தணிப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் ஓர் அலை படலத்துக்குள் போகும்போது காற்று முன்னும் பின்னும் அசைகிறது, மேலும் கீழும் அசைகிறது. பாகுநிலை இல்லையென்றால் இந்த இரண்டு அசைவுகளும் கால் சுற்று இடைவெளியில் இருக்கும். ஒரு சுழற்சியில் கிடைப்பதும் கொடுப்பதும் சமமாகி, அலைக்கு நிகரமாக எதுவும் மிஞ்சாது. சுவரில் காற்று ஒட்டி நிற்கவேண்டும் என்பதால் பாகுநிலை அங்கே ஒரு மெல்லிய அடுக்கை உண்டாக்கி, இரண்டு அசைவுகளுக்கும் உள்ள இடைவெளியைச் சற்றே நகர்த்திவிடுகிறது. அந்தச் சிறு நகர்வு போதும். வேகமான காற்று கீழே வருவதும் மெதுவான காற்று மேலே போவதும் ஒத்துப்போகத் தொடங்குகின்றன, முதன்மை ஓட்டத்தின் ஆற்றல் அலைக்குப் பாய்கிறது. பாகுநிலை அதைத் தேய்க்கவும் செய்கிறது. எது வெல்கிறது என்பதை அதிர்வெண்ணும் ரெனால்ட்ஸ் எண்ணும் தீர்மானிக்கின்றன.

இதைக் கணக்கில் கொண்டுவரும் சமன்பாட்டை 1907இல் வில்லியம் ஆர் என்பவரும் 1908இல் சோமர்ஃபெல்டும் தனித்தனியே எழுதினார்கள். சோமர்ஃபெல்டின் மாணவராக இருந்த வெர்னர் ஹைசன்பெர்க், 1923இல் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது இந்த நிலைப்புச் சிக்கலைத்தான். குவாண்டம் இயக்கவியல் அதற்குப் பிறகு. தட்டையான பரப்புக்கு உருப்படியான விடை 1929இல் கோட்டிங்கனில் டோல்மீனிடமிருந்தும், 1933இல் ஷ்லிஷ்டிங்கிடமிருந்தும் வந்தது. அதனால் இந்த அலைகளுக்கு டோல்மீன்–ஷ்லிஷ்டிங் அலைகள் என்று பெயர்.

பிற்காலக் கணினிக் கணக்குகள் தரும் வாசல் எண், அதாவது அலை வளரத் தொடங்கும் எண், இடப்பெயர்ச்சித் தடிமன் அடிப்படையில் 520. நம் தட்டில் அது எங்கே? 520ஐ 1.72ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் தூர எண் சுமார் 91,000. அதாவது முன்விளிம்பிலிருந்து 9 செ.மீ. அங்கே படலம் 1.5 மி.மீ. தான் இருக்கும்.

இந்த 9 செ.மீ. ஓட்டம் குலையும் இடம் அல்ல. அதற்கு முன்னால் எந்தச் சிறு அலையும் தேயும், அதற்குப் பின்னால் சில அலைகள் வளரலாம். அவ்வளவுதான். வளரத் தொடங்குவதற்கும் உடைவதற்கும் நடுவே, அமைதியான காற்றில், இரண்டரை மீட்டருக்கு மேல் இருக்கிறது.

படி 3: அந்த அலையின் உருவத்தை மனதில் பதியுங்கள்

டோல்மீனும் ஷ்லிஷ்டிங்கும் கணித்த அலையை நெடுங்காலம் யாரும் ஆய்வுக்கூடத்தில் பார்க்கவில்லை. ஜெர்மனிக்கு வெளியே பலர் அதைக் காகிதக் கணக்காகவே நினைத்தார்கள். வெளிக்காற்றின் கலக்கம்தான் படலத்தைக் குலைக்கிறது, அலையாவது ஒன்றாவது என்பது அவர்கள் எண்ணம். அன்றைய காற்றுச் சுரங்கங்களில் அது உண்மையும்கூட. காற்று அவ்வளவு கலங்கியிருந்ததால் அலை மறைந்தே போனது.

1940களின் தொடக்கத்தில் வாஷிங்டனின் தேசியத் தர நிர்ணயக் கழகத்தில், டிரைடனின் மேற்பார்வையில் ஷூபாவரும் ஸ்க்ராம்ஸ்டாடும் ஒரு சுரங்கத்தில் வலைகளை வரிசையாகப் பொருத்திக் காற்றின் கலக்கத்தை (வேகத்தின் ஏற்ற இறக்கம் சராசரி வேகத்தில் எத்தனை பங்கு என்பது) 0.03 சதவீதத்துக்கும் கீழே இறக்கினார்கள். படலத்துக்குள் வைத்த, காற்றின் வேகத்தை அளக்கும் சூட்டுக் கம்பியின் சிக்னலில், தாறுமாறான இரைச்சலுக்குப் பதிலாக ஒழுங்கான சைன் அலை தெரிந்தது. அடுத்து அவர்கள் செய்ததுதான் சோதனையின் உச்சம். பாஸ்பர் வெண்கலத்தில் செய்த ஒரு மெல்லிய நாடாவைத் தட்டுக்கு மயிரிழை உயரத்தில் இழுத்துக் கட்டி, அதில் மின்னோட்டம் பாய்ச்சி, காந்தத்தால் வேண்டிய அதிர்வெண்ணில் அதிர வைத்தார்கள். எந்த அதிர்வெண் எங்கே வளர்கிறது, எங்கே தேய்கிறது என்று ஒவ்வொரு புள்ளியாகக் குறித்தார்கள். புள்ளிகள் கோட்பாட்டு வளைகோட்டை ஒட்டி விழுந்தன. போர்க்காலம் என்பதால் 1943 அறிக்கை ரகசியமாக இருந்தது. போருக்குப் பிறகுதான் உலகம் வாசித்தது. அதே சுரங்கத்தில்தான் சீரோட்டம் 28 லட்சம் வரை நீடித்தது.

நம் தட்டில் அரை மீட்டர் தூரத்தில் வளரக்கூடிய அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 150 ஹெர்ட்ஸ். அது வெளிக்காற்றின் வேகத்தில் போகாது. மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலாக, நொடிக்கு 5 மீட்டர் அளவில் போகும். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மூன்றரை செ.மீ. படலத்தின் தடிமனைப் போல் 10 மடங்கு. நீண்ட, தாழ்வான, மெதுவான அலை. தட்டின் அகலம் முழுக்க நேர்க்கோடாக வரும்.

படி 4: சலனம் உள்ளே வரும் வழியைத் தேடுங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அலை வளரும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் முதல் விதை எங்கிருந்து வந்தது?

விசிறியின் ஒலி என்று சட்டென்று சொல்லத் தோன்றும். 150 ஹெர்ட்ஸ் ஒலி காற்றில் 2.3 மீட்டர் நீளமுள்ள அலை. நம் படல அலையோ மூன்றரை செ.மீ. அதிர்வெண் ஒன்றுதான், நீளம் 60 மடங்குக்கும் மேல் வேறுபடுகிறது. ஒலி நேரடியாகப் படல அலையைத் தட்டி எழுப்ப முடியாது. நடுவில் நீளத்தைச் சுருக்கித் தர ஏதாவது வேண்டும். படலம் வேகமாகத் தடிக்கும் முன்விளிம்பு அதைச் செய்யும். தட்டில் ஒரு சிறு மேடு, ஒரு திருகின் தலை, இரண்டு தகடுகள் சேரும் இடம் ஆகியவையும் செய்யும். ஒலியும் மேடும் தனித்தனியே இருந்தால் பாதிப்பு குறைவு, சேர்ந்தால் அலை பிறக்கிறது. 1969இல் மோர்கோவின் என்ற ஆய்வாளர் இதைத் தனிக் கேள்வியாகவே பிரித்து வைத்தார். சோதனை செய்பவர் எழுதி வைக்கவேண்டிய பட்டியல் இதிலிருந்து வருகிறது: காற்றின் கலக்கம் எத்தனை சதவீதம், விசிறி எந்த அதிர்வெண்ணில் இரைகிறது, தட்டு அதிர்கிறதா, முன்விளிம்பின் வடிவம் என்ன, பரப்பில் எங்கெங்கே மேடு.

குழாய் ஓட்டத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயக் கோட்டை விட்டுப் பார்த்தபோது, தொட்டி நீரை நன்றாக அடங்கவிட்டால் 12,000ஐத் தாண்டியும் கோடு நேராக இருந்தது. அலட்சியமாகச் செய்தால் 2,000 சொச்சத்திலேயே கலைந்தது. அதே கருவியில் பிற்காலத்தில் சோதித்தவர்களுக்கு அவர் எட்டிய உயரம் கிட்டவில்லை. வெளியே சாலையில் வண்டிப் போக்குவரத்து கூடிவிட்டது, அதன் அதிர்வு போதுமானதாக இருந்தது.

படி 5: வளர்ச்சியைக் கூட்டுங்கள்

விதையின் அளவு தெரியாவிட்டாலும், அது எத்தனை மடங்கு வளரும் என்று கணக்கிடலாம். ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும், வளரத் தொடங்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டராக வளர்ச்சி வீதத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். கூட்டுத்தொகையை என் (N) என்று வைத்துக்கொண்டால், அலையின் உயரம் 2.718இன் N அடுக்கு மடங்கு பெருகியிருக்கும். 1956இல் அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனத்தில் ஸ்மித்தும் கம்பெரோனியும், நெதர்லாந்தின் டெல்ஃப்டில் வான் இங்கெனும், ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: என் 9ஐ நெருங்கும் இடத்தில் ஓட்டம் குலைகிறது. 9 என்றால் சுமார் 8,100 மடங்கு.

இந்த 9ஐயும் 5 லட்சத்தைப் போல் மனப்பாடம் செய்துவிடாதீர்கள். லெஸ்லி மாக் என்ற ஆய்வாளர் கொடுத்த உறவு இது:

என் = –8.43 – 2.4 × (காற்றுக் கலக்கத்தின் இயல் மடக்கை)

கலக்கத்தைப் பின்னமாகப் போடவேண்டும். 0.07 சதவீதம் என்றால் 0.0007, விடை 9. 0.1 சதவீதத்துக்கு 8.15. காற்று கலங்கக் கலங்க விதை பெரிதாகிறது, தேவைப்படும் பெருக்கம் குறைகிறது. இறக்கை வடிவங்களை ஆராய மார்க் டிரேலா எம்.ஐ.டி.யில் எழுதிய எக்ஸ்ஃபாயில் மென்பொருளில் இந்த எண் முன்னிருப்பாக 9 என்றே இருக்கும். கலக்கம் கூடிய சுரங்கத்தில் எடுத்த அளவோடு ஒப்பிடும்போது அதைக் குறைக்காமல் விட்டால் விடை பொருந்தாது.

படி 6: நேர்க்கோட்டு அலை வளைந்து உடைவதைப் பாருங்கள்

இதுவரை எல்லாம் நிதானம். அலையின் அசைவு வெளிவேகத்தில் 1 சதவீதம் அளவுக்கு வளர்ந்ததும் கதை வேகம் பிடிக்கிறது. 1962இல் கிளெபனாஃபும் அவருடைய குழுவினரும் இதை விரிவாக அளந்தார்கள். அகல வாக்கில் ஒரே சீராக இருந்த அலை, மேடும் பள்ளமுமாக மாறி மாறி வளைகிறது. மேடான இடங்களில் சுழல்கள் மேலெழும்பி, கிரேக்க எழுத்து லாம்டாவைப் போல, கூர்முனை முன்னோக்கி நீள்கின்றன. முனை உயர்ந்த இடத்தில் காற்று வேகம், அதற்கடியில் மெதுவாக மேலே தூக்கப்பட்ட காற்று. இரண்டுக்கும் நடுவே அந்த ராலே புள்ளி கணநேரத்துக்கு உருவாகிவிடுகிறது. சூட்டுக் கம்பியின் சிக்னலில் ஒவ்வொரு அலைக்கும் ஒரு கூர்மையான சரிவு தெரியும், பிறகு இரண்டு, பிறகு எண்ண முடியாது. மீட்டர் கணக்கில் வளர்ந்த அலை, ஒரு சில அலைநீளத்துக்குள் சிதறிப்போகிறது.

லாம்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே வரிசையில் வரலாம், ஒன்றுவிட்டு ஒன்று விலகி, செங்கல் சுவரின் அடுக்கைப் போலவும் வரலாம். இரண்டாவது வகையில் பாதி அதிர்வெண் கொண்ட துணை அலை வளர்கிறது. சலனம் குறைந்த சோதனைகளில் அதிகம் காண்பது இதைத்தான்.

படி 7: திட்டுகளை எண்ணுங்கள்

உடைந்த இடத்திலிருந்து தட்டு முழுவதும் ஒரேயடியாகக் கொந்தளிப்பு பரவுவதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுகள் பிறக்கின்றன. 1951இல் எம்மன்ஸ், சரிவான பரப்பில் மெல்லிய தகடாக ஓடிய நீரில் இதைக் கண்டார். ஒவ்வொரு திட்டின் முன்பகுதி வெளிவேகத்தில் 90 சதவீத அளவிலும், பின்பகுதி 50 சதவீத அளவிலும் நகர்கிறது. அதனால் போகப் போக நீள்கிறது, பக்கவாட்டிலும் ஏறத்தாழ 10 டிகிரி விரிகிறது. நடுவில் நிற்கும் சூட்டுக் கம்பிக்கு விட்டுவிட்டுத்தான் கொந்தளிப்பு கேட்கும். எத்தனை பங்கு நேரம் கொந்தளிப்பாக இருக்கிறதோ அந்தப் பின்னத்துக்குக் காமா என்று பெயர்.

இந்தக் காமா எப்படி உயர்கிறது என்பதற்கான சூத்திரம் பெங்களூரில் பிறந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் சதீஷ் தவான், அவருடைய மாணவர் ரோத்தம் நரசிம்மா இருவரும் 1958இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இன்றும் இத்துறையின் அடிப்படை வாசிப்பு. திட்டுகள் தட்டெங்கும் பிறப்பதில்லை, ஒரு குறுகிய பட்டையில்தான் பிறக்கின்றன என்று நரசிம்மா அதற்கு முன்பே சொல்லியிருந்தார். அதை எடுத்துக்கொண்டால் வரும் சூத்திரம்:

காமா = 1 – 2.718^(–0.41 × விகிதத்தின் வர்க்கம்)

விகிதம் என்பது, குலைவு தொடங்கிய இடத்திலிருந்து உள்ள தூரத்தை ஒரு நீள அளவால் வகுத்தது. காமா 0.25 ஆகும் இடத்துக்கும் 0.75 ஆகும் இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் அந்த நீளம். ராக்கெட் துறையில் தவானின் பெயர் எல்லோருக்கும் தெரியும், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்த வேலையும் அதே அளவுக்குப் பேசப்படவேண்டும் என்பது என் எண்ணம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஷூபாவர்–ஸ்க்ராம்ஸ்டாட் தட்டில் குலைவு 28 லட்சத்தில் தொடங்கி 39 லட்சத்தில் முடிந்தது. நம் தட்டில் 2.8 மீட்டரிலிருந்து 3.9 மீட்டர் வரை. காமா 0.99ஐத் தொட விகிதம் 3.3 ஆகவேண்டும், ஆகவே நீள அளவு 33 செ.மீ. பாதி நேரம் கொந்தளிப்பு இருக்கும் இடம், தொடக்கத்திலிருந்து 43 செ.மீ. தள்ளி, அதாவது 3.23 மீட்டரில். அங்கே சீரோட்டமாக இருந்தால் பரப்பு உராய்வுக் குணகம் 0.00037. கொந்தளிப்புப் படலம் 2.8 மீட்டரில்தான் பிறந்தது என்று எடுத்துக்கொண்டால் அதன் குணகம் 0.0044. இரண்டையும் பாதிப்பாதி கலந்தால் 0.0024. ஒரு மீட்டர் இடைவெளிக்குள் உராய்வு ஏறத்தாழ 9 மடங்காக ஏறுகிறது. விமான இறக்கையில் சீரோட்டத்தைக் காக்க இத்தனை பாடுபடுவது இதற்காகத்தான்.

படி 8: குறுக்கு வழி எடுத்ததா என்று சோதியுங்கள்

வெளிக்காற்றின் கலக்கம் 1 சதவீதத்தைத் தொட்டுவிட்டால், படி 2 முதல் படி 6 வரை சொன்ன அலைப் பாதை பெரும்பாலும் நடப்பதே இல்லை. கலங்கிய காற்றில் உள்ள மெல்லிய சுழல்கள், சுவரோரத்து மந்தமான காற்றை மேலே தூக்கி, மேலுள்ள வேகமான காற்றைக் கீழே இறக்குகின்றன. ஓட்டத்தின் திசையில் நீண்ட பட்டைகள் உருவாகின்றன: ஒரு பட்டை வேகம், அடுத்தது மந்தம். தூக்கியவை சிறு சுழல்கள்தான், ஆனால் வேக வித்தியாசம் வெளிவேகத்தில் 10 சதவீதத்தையும் தாண்டும். பட்டைகள் நெளிந்து நேராகத் திட்டுகள் பிறக்கின்றன. ஜெட் எஞ்சினின் டர்பைன் இதழ்களில் நடப்பது இதுதான். குழாய் ஓட்டத்திலும் மெல்ல வளரும் சிற்றலை கிடையாது, எப்போதும் குறுக்கு வழிதான்.

எந்த வழி என்பதைக் கலக்கத்தை வைத்து மதிப்பிட, அபு-கன்னாமும் ஷாவும் 1980இல் தந்த சூத்திரம் கைகொடுக்கும். அழுத்தம் மாறாத தட்டுக்கு:

குலைவு தொடங்கும் உந்தத் தடிமன் எண் = 163 + 2.718^(6.91 – கலக்கச் சதவீதம்)

உந்தத் தடிமன் எண் என்பது தூர எண்ணின் வர்க்கமூலத்தை 0.664ஆல் பெருக்கியது. கலக்கம் 3 சதவீதம் என்றால் 213. தூர எண் 1.03 லட்சம், நம் தட்டில் 10 செ.மீ. 1 சதவீதம் என்றால் 532, 6.4 லட்சம், 64 செ.மீ. 0.1 சதவீதம் என்றால் 1,070, 26 லட்சம், 2.6 மீட்டர். ஒரே தட்டு, ஒரே வேகம், 10 செ.மீ.யிலிருந்து 2.6 மீட்டர் வரை. பாடப்புத்தகத்தின் 5 லட்சம் இந்த வரிசையில் 1 சதவீதத்துக்குச் சற்று மேலே, சாதாரண சுரங்கங்களின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

தட்டு தட்டையாக இல்லாதபோது

அழுத்தம் மாறினால் எல்லாம் மாறும். ஓட்டம் வேகமெடுக்கும் இடத்தில் வேக வரைவு உப்பலாகி நிலைப்பு கூடுகிறது. மூக்குப் புள்ளியில் மோதி விரியும் ஓட்டத்துக்கு வாசல் எண் 520இலிருந்து 12,000க்கு மேல் ஏறிவிடும். வேகம் குறையும் இடத்தில் ராலே புள்ளி உருவாகி, படலம் பரப்பைவிட்டுப் பிரியும் தறுவாயில் அதே எண் 67க்கு விழுகிறது. இறக்கையின் அதிகத் தடிமனைப் பின்னுக்குத் தள்ளி வடிவமைப்பது இதற்காக. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளில் குறுக்கே ஓடும் காற்று தனியே சுழல்களைக் கிளப்பும், குழிந்த பரப்பில் கோர்ட்லர் சுழல்கள் வரும். அவை தனிக் கட்டுரைக்கானவை.

சூடாக்கினாலும் மாறும். காற்றில் பரப்பைச் சூடாக்கினால் ஓட்டம் சீக்கிரம் குலையும், நீரில் சூடாக்கினால் தாமதமாகும். சூட்டில் காற்றின் பாகுநிலை கூடுகிறது, நீரின் பாகுநிலை குறைகிறது என்பதே காரணம்.

கொந்தளிப்பை வேண்டியே வரவழைக்கும் இடங்களும் உண்டு. நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ரெனால்ட்ஸ் எண் 1.4 லட்சம் அளவு. பளபளப்பான பக்கத்தில் படலம் சீரோட்டமாகவே இருந்து சீக்கிரம் பிரிகிறது. சாய்த்துப் பிடித்த தையல் உள்ள பக்கத்தில் தையல் தட்டிவிட்டுப் படலம் கொந்தளிக்கிறது. கொந்தளித்த படலம் சுவரோரம் ஆற்றல் மிகுந்தது, ஆகவே இன்னும் பின்னால் போய்த்தான் பிரியும். இரண்டு பக்கமும் சமமில்லாததால் பந்து தையல் காட்டும் பக்கம் ஸ்விங் ஆகிறது.

நம் தட்டில் இதே வேலையைச் செய்ய எவ்வளவு உயர மணல் துகள் ஒட்டவேண்டும்? துகளின் உயரம், அந்த உயரத்தில் உள்ள காற்றின் வேகம் இரண்டையும் வைத்துப் போடும் ரெனால்ட்ஸ் எண் 600ஐத் தொடவேண்டும் என்பது பிராஸ்லோவும் நாக்ஸும் 1958இல் தந்த விதி. முன்விளிம்பிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் 0.8 மி.மீ. உயரத்துக்கு வேகம் வெளிவேகத்தில் சுமார் 75 சதவீதம், நொடிக்கு 11.3 மீட்டர். 11.3 × 0.0008 ÷ 0.000015 = 603. போதும். படலத்தில் பாதி உயரம்.

அளப்பதும் கணினியில் கணக்கிடுவதும்

ஆடம்பரக் கருவி இல்லாமலே குலையும் இடத்தைக் காணலாம். பரப்பை ஒட்டி ஒரு மெல்லிய குழாயை வைத்து, மறுமுனையில் டாக்டர் வைத்திருக்கும் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக் கேளுங்கள். சீரோட்டப் பகுதி கிட்டத்தட்ட மௌனம். குழாயைப் பின்னால் நகர்த்த நகர்த்த, விட்டுவிட்டுப் படபடப்பு கேட்கும். அவைதான் எம்மன்ஸின் திட்டுகள். இன்னும் தள்ளினால் தொடர்ந்த இரைச்சல். எண்ணெயில் வெள்ளை நிறமி கலந்து பரப்பில் பூசினாலும் தெரியும்: உராய்வு ஏறும் இடத்தில் எண்ணெய் அரித்துக்கொண்டு போகும். வசதி இருந்தால் அகச்சிவப்புக் கேமரா. சற்றே சூடாக்கிய பரப்பில் கொந்தளிப்புப் பகுதி சட்டென்று குளிர்ந்து தெரியும்.

கணினியில் செய்பவர்கள் கவனிக்கவேண்டியது முதலில் மாதிரியின் தேர்வு. கொந்தளிப்பைக் கணக்கிடப் பலரும் பயன்படுத்தும் சாதாரண கே–ஒமேகா எஸ்.எஸ்.டி. மாதிரி, படலம் ஏறத்தாழ முன்விளிம்பிலிருந்தே கொந்தளிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. அது காட்டும் குலைவை நம்பக்கூடாது. காமாவையும் உந்தத் தடிமன் எண்ணையும் தனிச் சமன்பாடுகளாகத் தீர்க்கும் லாங்ட்ரி–மென்டர் மாதிரி ஃபுளூயன்ட், ஓப்பன்ஃபோம் ஆகிய மென்பொருள்களில் இருக்கிறது, அதை எடுங்கள். சுவரை ஒட்டிய முதல் வலைக்கண்ணின் உயரம் சுவர் அலகில் (y+) 1க்குள் இருக்கவேண்டும். ஓட்டத்தின் திசையிலும் குலையும் பகுதியில் கண்களை நெருக்கமாக வையுங்கள்.

அதற்கடுத்து நுழைவாயிலில் கொடுக்கும் கலக்கச் சதவீதம். நீங்கள் 3 சதவீதம் கொடுத்தாலும், காற்று தட்டை அடைவதற்குள் மாதிரியின் சமன்பாடே அதைத் தேய்த்துவிடும். முன்விளிம்பில் 1 சதவீதம்தான் மிஞ்சியிருக்கலாம். மேலே போட்ட கணக்குப்படி குலையும் இடம் 10 செ.மீ.யிலிருந்து 64 செ.மீ.க்குத் தள்ளிப்போய்விடும், மாதிரி தவறு என்று நினைத்துக்கொண்டிருப்போம். தீர்வு வந்ததும் முன்விளிம்புக்குச் சற்று மேலே, படலத்துக்கு வெளியே ஒரு புள்ளியில் கலக்கத்தை எடுத்துப் பாருங்கள். சோதனையில் அளந்த மதிப்போடு அது பொருந்தும்வரை நுழைவாயில் மதிப்பையும், பாகுநிலை விகிதத்தையும் (கொந்தளிப்புப் பாகுநிலை ÷ காற்றின் பாகுநிலை) திருத்துங்கள். பிறகு பரப்பு உராய்வை 0.664 ÷ √(ரெனால்ட்ஸ் எண்) கோட்டோடு சேர்த்து வரையுங்கள். உங்கள் வளைகோடு அந்தக் கோட்டைவிட்டு மேலே கிளம்பும் புள்ளிதான் தொடக்கம். அது அபு-கன்னாம் சூத்திரம் தரும் தூரத்துக்குப் பக்கத்தில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு இறக்கைக்கோ டர்பைன் இதழுக்கோ போகலாம்.